துறுதுறு நாய்க்குட்டி

ஐதராபாத் நகரில் குஷாய்குடா என்று ஒரு பகுதி. இ.சி.ஐ.எல். தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஒரு தமிழ்க் குடும்பம் குடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, பத்து வயது மகள். மகளுக்கு நாய்க்குட்டி வளர்க்க ஆசை.

"விலைக்கு வாங்க நம்மிடம் பணம் ஏது?" என்கிறார் அப்பா.

"விலைக்கு ஏன் வாங்க வேண்டும்? ஆதரவில்லாத குட்டிகள் எத்தனையோ இருக்கின்றனவே!" என்கிறார் அம்மா.

அம்மா சொல்வது சரிதான். நடிகை அமலாவைத் தமிழ்ப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அவர் 1992இல் ஐதராபாத்தில் ப்ளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கினார். அடிபட்ட விலங்குகளை அது காப்பாற்றுகிறது. ஐதராபாத் மாநகராட்சியும் 2025 ஆகஸ்டு 17 அன்று பஞ்சாரா ஹில்ஸ் பூங்கா ஒன்றில் மேளா நடத்தியது. தெரு நாய்க்குட்டிகளை இலவசமாகத் தத்துக் கொடுப்பதற்காக நடந்த மேளா அது.

குட்டி இலவசம். ஆனால் வளர்ப்பு இலவசம் இல்லை. நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். ஆகவே முதலிலேயே யோசிக்க வேண்டும். வீட்டுக்காரர் சம்மதிப்பாரா? தினமும் வெளியே கூட்டிப் போவது யார்? தீனிக்கும் மருந்துக்கும் பணம் உண்டா?

யோசித்த பிறகு, இரண்டு மாதக் குட்டி ஒன்று வீட்டுக்கு வருகிறது. வந்த மறுநாளே செருப்பைக் கடிக்கிறது. துணியை இழுக்கிறது. விளையாட்டாக மகளின் கையைக் கவ்வுகிறது. வீடு முழுக்க ஓட்டம்தான்!

"இது சரிப்படாது. தெருவிலேயே விட்டுவிடலாம்" என்கிறார் அப்பா.

"பொறுங்க, டாக்டரைக் கேட்போம்" என்கிறார் அம்மா.

கால்நடை மருத்துவர் சிரிக்கிறார். அவர் சொல்வதைக் கேளுங்கள்:

"குட்டி கெட்டது இல்லை. அதன் வயது அப்படி. நான்கு மாதம் ஆனால் பால் பல் விழத் தொடங்கும். ஈறு நமநம என்று அரிக்கும். கடிக்க ஏதாவது வேண்டும். பழைய துணியை முடிச்சுப் போட்டுக் கொடுங்கள். செருப்பை மேலே எடுத்து வையுங்கள். கையைக் கடித்தால் அடிக்காதீர்கள். உடனே விளையாட்டை நிறுத்துங்கள். கடித்தால் விளையாட்டு இல்லை என்று அது தெரிந்துகொள்ளும். சொன்னபடி கேட்டால் தட்டிக் கொடுங்கள். குட்டிக்கு நிறையத் தூக்கமும் வேண்டும். தூங்கும்போது எழுப்பக் கூடாது. மிளகாய் சேர்க்காத சோறும் முட்டையும் கொடுங்கள். வெங்காயமும் சாக்லேட்டும் நாய்க்கு விஷம்."

பிறகு மருத்துவர் தடுப்பூசி அட்டையை எழுதிக் கொடுக்கிறார். பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். மூன்று மாதம் ஆனதும் வெறிநோய் தடுப்பூசி போட வேண்டும். அதன் பிறகும் அவர் சொல்லும் தேதியில் தவறாமல் போட வேண்டும்.

வெறிநோய் மிகக் கொடியது. வெறிநோய் உள்ள விலங்கின் எச்சில் மூலம் பரவுகிறது. நோய் முற்றி வெளியே தெரிந்துவிட்டால், ஆளைப் பிழைக்க வைப்பது ஏறக்குறைய முடியாது. ஆனால் முன்னதாகவே தடுக்கலாம். 1885இல் பிரான்ஸ் நாட்டில் லூயி பாஸ்டர் இதற்குத் தடுப்பூசி போட்டு ஒரு சிறுவனைக் காப்பாற்றினார்.

நாய் கடித்தாலும், பல்லோ நகமோ கீறினாலும் என்ன செய்ய வேண்டும்? காயத்தைச் சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதையும் வைக்கக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எல்லா ஊசிகளையும் போட்டு முடிக்க வேண்டும். குட்டி நாய்தானே என்று விட்டுவிடக் கூடாது.

இப்போது அப்பா காலையும் மாலையும் குட்டியை நடத்திக் கூட்டிப் போகிறார். ஓடி ஆடிய குட்டி வீட்டில் அமைதியாகப் படுக்கிறது. செருப்பும் தப்பியது!

பேசிப் பார்ப்போம்

1. நாய்க்குட்டி ஏன் கண்டதையும் கடிக்கிறது?
2. நாய் கடித்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?
3. உங்கள் ஊரில் நாய்களுக்குத் தடுப்பூசி எங்கே போடுகிறார்கள்? விசாரித்து, அந்த இடத்தின் பெயரை நோட்டில் எழுதுங்கள்.