அளந்து வாங்குவோம்

இன்று கையில் திறன்பேசி இல்லாத இளையோரைக் காண்பது அரிது. பள்ளி விளையாட்டுப் போட்டி, பொங்கல் விழா, நண்பரின் பிறந்தநாள் என எதையும் நொடிப்பொழுதில் பதிவு செய்துவிடுகிறார்கள். பதிவு செய்வது எளிது. அதை வெட்டி, வரிசைப்படுத்தி, ஒலி சேர்த்து, பிறர் விரும்பிப் பார்க்கும் காணொலியாக்குவதே கடினம். இப்பணிக்கு ஏற்ற மடிக்கணினி, ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பை ஒரே நாளில் கரைத்துவிடக்கூடிய பொருள். ஆகவே, அதை வாங்குமுன் ஆராய்வது அவசியமாகும்.

நான்காம் படிவ மாணவி ஒருத்தியின் நிலையை எடுத்துக்கொள்வோம். அவளுடைய பாட்டி, இளமை முதல் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவர் சொன்ன அனுபவங்களை அவள் திறன்பேசியில் பத்து மணி நேரம் பதிவு செய்து வைத்திருக்கிறாள். அவற்றை இருபது நிமிட ஆவணப்படமாக்க வேண்டும் என்பது அவளது ஆசை. அதற்காகப் பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்த தொகை 3,000 ரிங்கிட். கடையில் மெல்லிய, பளபளப்பான மடிக்கணினி ஒன்று அவளுடைய கண்ணைக் கவர்கிறது. அதை வாங்கலாமா?

இக்கேள்விக்கு விடை காண, காணொலியின் இயல்பை முதலில் அறிய வேண்டும். காணொலி என்பது வேகமாக ஓடும் படங்களின் தொகுப்பு. பெரும்பாலான திறன்பேசிகள் ஒரு நொடிக்கு 30 படங்களைப் பதிவு செய்கின்றன. முழு எச்.டி. தரத்தில் ஒவ்வொரு படத்திலும் 1920 பெருக்கல் 1080, அதாவது ஏறத்தாழ இரண்டு மில்லியன் புள்ளிகள் இருக்கும். 4கே தரத்தில் இந்த எண்ணிக்கை நான்கு மடங்காகிறது. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க மூன்று பைட் தேவை என்று கணக்கிட்டால், 4கே படம் ஒன்றுக்கு ஏறத்தாழ 25 மெகாபைட்டும், ஒரு நொடிக்கு ஏறத்தாழ 750 மெகாபைட்டும் தேவைப்படும். இவ்வளவையும் அப்படியே சேமித்தால் திறன்பேசி சில நிமிடங்களில் நிரம்பிவிடும்.

அதனால் காணொலி சுருக்கப்படுகிறது. எச்.264, எச்.265 ஆகியவை பரவலாகப் பயன்படும் சுருக்கமுறைகள். இவை ஒரு படத்தை முழுமையாகச் சேமித்து, அடுத்துவரும் படங்களில் மாறிய பகுதிகளை மட்டுமே பெரும்பாலும் குறித்துக்கொள்கின்றன. இது மளிகைக் கடைக் கணக்குப் புத்தகத்தைப் போன்றது. திங்கட்கிழமை முழு இருப்பையும் எழுதிவிட்டு, மற்ற நாள்களில் வரவையும் செலவையும் மட்டும் எழுதினால் புத்தகத்தில் இடம் மிச்சம். ஆனால், வெள்ளிக்கிழமை இருப்பை அறிய வேண்டுமானால் திங்கள் முதல் கூட்டிக் கழித்தாக வேண்டும். காணொலியின் நடுவே ஓரிடத்தில் வெட்ட முனையும்போது கணினியும் இதையே செய்கிறது. படம் திக்கித் திணறி ஓடுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

எனவே, கணினியின் மூளையாகிய மையச் செயலகத்தை முதலில் கவனிக்க வேண்டும். சுருக்கிய காணொலியை விரிப்பதற்கென்றே தனி மின்சுற்று அதில் அல்லது வரைகலைச் செயலகத்தில் அமைந்திருக்கும். தன் திறன்பேசி எந்த முறையில் பதிவு செய்கிறது என்பதை அறிந்து, அம்முறைக்கான வசதி கணினியில் உள்ளதா என்று கேட்பது அறிவுடைமை. நிறத் திருத்தம், சிறப்புக் காட்சிகள் ஆகியவற்றை மிகுதியாகச் செய்வோருக்குத் தனி வரைகலைச் செயலகம் பெரிதும் உதவும். வெட்டி ஒட்டும் எளிய பணிக்கு அது கட்டாயமில்லை.

அடுத்தது ரேம் எனப்படும் தற்காலிக நினைவகம். இதை வேலை செய்யும் மேசைக்கு ஒப்பிடலாம். மேசை சிறிதானால் பொருள்களை அடிக்கடி எடுத்து வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். காணொலிப் பணிக்கு 8 கிகாபைட் போதாமல் போகலாம். 16 கிகாபைட் இருந்தால் வேலை தடையின்றி நடக்கும். பல மெல்லிய கணினிகளில் ரேம், தாய்ப்பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னர் அதைக் கூட்ட இயலாது.

சேமிப்பகத்தையும் கணக்கிட்டே முடிவு செய்ய வேண்டும். நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவாகும் 4கே காணொலி, ஒரு மணி நேரத்தில் 45 கிகாபைட் இடத்தைப் பிடிக்கும். நொடிக்கு 20 மெகாபிட் வீதம் பதிவாகும் முழு எச்.டி. காணொலிக்கு 9 கிகாபைட் போதும். அம்மாணவியின் பதிவு இரண்டாம் வகையானது. ஆகவே, பத்து மணி நேரப் பதிவுக்கு 90 கிகாபைட் தேவை. எஸ்.எஸ்.டி. வகைச் சேமிப்பகம், சுழலும் வன்தட்டைவிடப் பன்மடங்கு வேகமானது. அதனால் கணினிக்குள் எஸ்.எஸ்.டி.யும், நகல்களைப் பாதுகாக்க விலை குறைந்த வெளிவன்தட்டும் இருப்பது நல்லது.

திரையின் தரமும் முக்கியம். மலிவான திரைகள் நிறங்களை வெளிறக் காட்டும். அதை நம்பி நிறத்தைத் திருத்தினால், வேறு திரையில் பார்க்கும்போது முகங்கள் செந்நிறமாகத் தோன்றக்கூடும். எஸ்.ஆர்.ஜி.பி. நிறவரம்பை ஏறக்குறைய முழுமையாகக் காட்டும் திரையே ஏற்றது. வெப்பத்தையும் மறந்துவிடக் கூடாது. கணினி அளவுக்கு மீறிச் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நம் நாட்டு வெப்பநிலையில், காற்றோட்டம் குறைந்த மெல்லிய கணினி நீண்ட நேரப் பணியில் விரைவில் தளர்ந்துவிடும்.

பணம் குறைவாக இருந்தால் மனம் தளர வேண்டியதில்லை. டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பும், கேடென்லைவ் என்ற கட்டற்ற மென்பொருளும் செலவின்றிக் கிடைக்கின்றன. மேலும், மூலக் காணொலிக்குச் சிறிய அளவில் மாற்றுப் படிகளை உருவாக்கி, அவற்றை வைத்தே வெட்டி ஒட்டலாம். இறுதிப் படத்தை வெளியிடும்போது மென்பொருள் மூலப் பதிவையே பயன்படுத்தும். இவ்வழியில் எளிய கணினியிலும் தரமான படத்தை உருவாக்கலாம்.

அம்மாணவி தன் பதிவுகளுள் ஒன்றை விரலியில் எடுத்துக்கொண்டு மீண்டும் கடைக்குச் செல்கிறாள். பளபளப்பான கணினியில் 8 கிகாபைட் ரேம் மட்டுமே உண்டு. அதைக் கூட்டவும் வழியில்லை. பக்கத்தில் சற்றுத் தடித்த கணினி ஒன்று இருக்கிறது. அழகில் அது ஒரு படி கீழே; ஆனால் 16 கிகாபைட் ரேம் உண்டு. விலையும் சற்றுக் குறைவு. கடைக்காரரிடம் கேட்டு, தன் பதிவை அதில் ஓட்டிப் பார்க்கிறாள். நடுவில் எங்குத் தொட்டாலும் பாட்டியின் முகம் தடங்கலின்றித் தோன்றுகிறது. உத்தரவாதக் காலத்தையும் கேட்டறிந்த பிறகே அவள் தந்தை பணத்தைச் செலுத்துகிறார். மிஞ்சிய தொகையில் ஒரு வெளிவன்தட்டு வாங்குகிறார்கள். கணினி பழுதானால் வேறொன்று வாங்கலாம்; பாட்டியின் குரலை எக்கடையிலும் வாங்க முடியாது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பர் முன்னோர். தேவை எது, ஆசை எது என்று அளந்து பார்ப்பவரின் பணம் வீணாவதில்லை.