ஆணவம் அடங்குமாறு

விழா மலருக்குச் சமயக் கட்டுரையொன்று வேண்டுமென மலராசிரியர் எம்மை அணுகியபொழுது, எத்தனை பக்கம் ஒதுக்குவீர்கள் என்று முதலிற் கேட்டோம். பெயருக்குப் பின்னே பட்டங்களையும் அச்சிடுவீர்களா என்று அடுத்துக் கேட்டோம். அவர் விடைபெற்றுச் சென்ற பின்னரே, எழுதுவதாக ஒப்புக்கொண்ட பொருள் ஆணவம் என்பது நினைவுக்கு வர, நாணினோம். எனினும், நோயாளி தன் நோயைப் பற்றிப் பேசலாகாது என்றொரு விதி இல்லை. பதி, பசு, பாசம் என்று கல்லூரியிலே சைவசமய பாடத்தில் ஒப்புவித்தோம் அல்லவா? அப்பாசத்தின் மூலமாகிய ஆணவத்தை அன்று பரீட்சைக்காகப் படித்தோம். அது வேறெவரிடமோ உள்ள குற்றம் என்றே எண்ணிப் படித்தோம்.

உலக வழக்கிலே ஆணவம் என்றால் செருக்கு. சித்தாந்த நூல்களில் அதன் பொருள் இன்னும் ஆழமுடையது. அணு என்னும் சொல்லினடியாகப் பிறந்தது ஆணவம் என்பர். ஆன்மா இயல்பிலே வியாபகமுடையது. அவ்வியாபகம் விளங்கவொட்டாது மறைத்து, ஆன்மாவை அணுவளவினதுபோற் சிறுகச் செய்து நிற்பதே ஆணவமலம். இதனை ஊன்றி நோக்கினால், வழக்கிலுள்ள பொருள் எத்துணைக் குறையுடையது என்பது புலனாகும். என்னைப்போல் யாருளர் என்று மார்தட்டுபவன் மாத்திரமன்றி, நான் ஒன்றுக்கும் உதவாதவன் என்று மூலையிலிருந்து புழுங்குபவனும் ஆணவத்தின் வயப்பட்டவனே. இருவரும் நாள் முழுவதும் ஒரு பொருளையே சிந்திக்கின்றனர்; அப்பொருள் தாம். பரீட்சையிற் சித்தியடையாத மாணாக்கர் சிலர் தம்மைத் தாமே இகழ்ந்து கொள்வதைப் பணிவு என்று நாம் மயங்குகின்றோம். அது பணிவன்று, சிறுமைப்பட்டு நிற்றல் மலத்தின் காரியமேயாம்.

சைவ உலகம் வழிவழியாகச் சொல்லிவரும் ஒரு வரலாறு உண்டு. கல்வியுடையார் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதனை நினைத்தல் வேண்டுமென்பது எமது எண்ணம். கி. பி. 13ஆம் நூற்றாண்டிலே திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டதேவர், இளம் பாலப் பருவத்திலேயே ஞானாசிரியராய் வீற்றிருந்தார். அவருடைய குடும்பத்துக்குக் குலகுருவாயிருந்தவர் சகலாகம பண்டிதர். ஆகமங்கள் அனைத்தையும் கற்றவர் என்பதனாலேயே அப்பெயர் பெற்றவர். தம் மாணாக்கர் தம்மைவிட்டு அச்சிறு பிள்ளையிடம் பாடங் கேட்கச் செல்வதை அறிந்து, பண்டிதர் தாமும் அங்கே சென்றார். கற்கச் செல்லவில்லை, சோதிக்கச் சென்றார். பிள்ளை ஆணவமலத்தின் இயல்பை விளக்கிக் கொண்டிருந்த வேளை அது. ஆணவத்தின் சொரூபம் யாது என்று பண்டிதர் நின்றபடியே வினவினார். மெய்கண்டதேவர் விடையாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. பண்டிதரை அடிமுதல் முடிவரை நோக்கிச் சுட்டுவிரலால் அவரையே காட்டினார்.

விடை கிடைத்துவிட்டது. பண்டிதர் அடியற்ற மரம்போல் அவர் பாதங்களில் வீழ்ந்தார். பின்னாளில் அருணந்தி சிவாசாரியார் என்னும் நாமத்தோடு சிவஞானசித்தியாரை அருளிச்செய்தவர் அவரே. யாம் இவ்வரலாற்றைப் பலமுறை மேடைகளிற் சொல்லியிருக்கின்றோம். சொன்னபோதெல்லாம் எம்மை மெய்கண்டாரின் பக்கத்திலே நிறுத்தியே சொன்னோம். பண்டிதர் நின்ற இடத்திலே நின்று பார்க்கப் பல ஆண்டுகள் சென்றன. இன்னுமொன்று: பண்டிதருடைய கல்வி வீழ்ந்த கணத்திலே அழிந்துவிடவில்லை. அதே ஆகம அறிவுதான் சித்தியாராக வெளிப்பட்டது. அறிவு கெடவில்லை, அறிவுக்கு உரியவன் நான் என்று நிமிர்ந்து நின்ற ஒன்று மாத்திரமே அடங்கிற்று.

அடங்கிற்று என்றோம், அழிந்தது என்றிலோம். சித்தாந்தத்தின் தனிச்சிறப்பான நுட்பம் ஒன்று இங்குள்ளது. அகந்தையைக் கொன்றுவிடு, வேரோடு களைந்துவிடு என்று போதிப்பார் பலர். சித்தாந்திகளோ ஆணவமலம் ஆன்மாவைப்போலவே அநாதியானது, நித்தமானது என்பர். முத்தியிலும் அது இல்லாமற் போவதில்லை. அதன் மறைக்கும் சத்தி மாத்திரம் ஒடுங்கிக் கிடக்கும். செம்பிலே களிம்பு உடன்தோன்றியதாயிருப்பதை இதற்கு உவமை காட்டுவர். எமது தாய்மார் செம்புக் குடத்தைப் பழப்புளியிட்டுத் துலக்குவதைக் கண்டிருக்கின்றோம். வெள்ளிக்கிழமை பொன்போல் ஒளிர்ந்த குடம் மறுவாரம் மீண்டும் மங்கிக் கிடக்கும். துலக்கியவர் கை சலிக்கும், களிம்பு சலிப்பதில்லை.

இன்னுமொரு நுட்பத்தை உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனிலே காட்டுகின்றார். புற இருள் பிற பொருள்களை மறைத்தாலும், தான் இருள் என்பதையேனும் புலப்படுத்தும். ஆணவ இருளோ பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது என்பது அவர் கருத்து. இதனினும் கூரிய உளநூற் கருத்தை யாம் மேனாட்டு நூல்களிலும் கண்டிலோம். நான் ஆணவமற்றவன் என்று ஒருவன் சொல்லும்பொழுது அச்சொல்லைச் சொல்வது யார்? ஏகாதசி விரதம் பிடிப்பவர் நீர்கூட அருந்தவில்லை என்பதை ஊரார் நால்வருக்கு அறிவித்த பின்னரே உறங்கச் செல்வார். கோயிலுக்கு ரியூப் விளக்கு உபயஞ் செய்பவர், விளக்கின்மேற் பெயரைப் பெரிதாக எழுதுவித்து, வெளிச்சத்திற் பாதியைத் தம் பெயராலேயே மறைத்துவிடுவார். கனடாவிலும் இலண்டனிலும் வாழும் எம்மவர் எழுப்பிய ஆலயங்களிலும் இவ்வழகு குறைவின்றி விளங்குகின்றதாம்.

அவ்வாறாயின் அடங்கும் வழி யாது? நானே நானை அடக்குவேன் என்று புறப்படுபவன், கள்வனையே காவலுக்கு வைத்தவன் ஆவான். ஆன்மா சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது என்பது சித்தாந்தம். செம்பருத்தியின் அருகே வைத்த பளிங்கு சிவந்து தோன்றும். பளிங்கைத் தேய்த்துச் சிவப்பை நீக்க முயல்வது பேதைமை, அதனை வேறிடத்தில் வைத்தலே செய்யத்தக்கது. ஆகவே, சார்பை மாற்றல் வேண்டும். சிவஞானபோதத்தின் பத்தாம் சூத்திரம் இறைவனோடு ஏகனாகி நிற்றலையும், இறைபணி நிற்றலையும் ஒருங்கு கூறும். செய்வது நான் அன்று, என்னிடத்தில் நின்று செய்விப்பவன் உளன் என்று உணர்ந்து தொழில் செய்வதே இறைபணி நிற்றல். தொழிலை விடும்படி அது சொல்லவில்லை. சிவத்தோடு ஆன்மாவுக்குள்ள தொடர்பு புதிதாக உண்டாக்கப்படுவதும் அன்று. அது என்றும் உள்ளது. இடையே நின்று கூச்சலிட்ட ஒன்று ஓயும்பொழுது அது புலனாகின்றது, அவ்வளவே.

இது ஏட்டிலே மாத்திரம் உள்ள செய்தியன்று. எமதூராகிய அளவெட்டிக்குச் சில மைல் தொலைவிலுள்ள மாவிட்டபுரத்திலே 1872இற் பிறந்தவர் யோகசுவாமிகள். ஆங்கிலக் கல்வி பெற்று, கிளிநொச்சியில் நீர்ப்பாசனப் பகுதியிலே களஞ்சியப் பொறுப்பாளராய்க் கடமை பார்த்தவர். நல்லூர்த் தேரடியிலே அழுக்குடையோடு திரிந்த செல்லப்பா சுவாமிகளை ஊரார் விசரர் என்றனர். அவ்விசரர் இவரைக் கண்டதும், நீ யார் என்று அதட்டினார். பெயரும் ஊரும் உத்தியோகமும் சொல்லி விடைகூறக்கூடிய வினாவன்று அது. திருவெண்ணெய்நல்லூரிலே சுட்டுவிரல் செய்ததை நல்லூரிலே ஓர் அதட்டல் செய்தது. தம்மை வணங்க வந்தோரை ஏசித் துரத்துவது செல்லப்பரின் வழக்கம்; மடமொன்றும் அவர் அமைத்திலர். நாமொன்றும் அறியோம் என்னும் கருத்தையே மகாவாக்கியங்களுள் ஒன்றாய்ச் சொல்லித் திரிந்தார். அறிந்தோம் என்பதற்காகவே பட்டந்தாங்கும் நமக்கு அச்சொல்லிலே பாடம் உண்டு.

யோகசுவாமிகள் பின்னர்க் கொழும்புத்துறையிலே ஒரு கொட்டிலில் நெடுங்காலம் இருந்து 1964இற் சிவபதமடைந்தார். அவரிடஞ் சென்ற உத்தியோகத்தரையும் ஆசிரியரையும் கமக்காரரையும் காட்டுக்குப் போகும்படி அவர் சொல்லவில்லை. செய்கின்ற தொழிலையே சிவதொண்டாகச் செய்யும்படி சொன்னார்; தாம் தொடங்குவித்த திங்கள் வெளியீட்டுக்கும் சிவதொண்டன் என்றே பெயரிட்டார். 1949 முதல் 1954 வரை இலங்கையின் மகாதேசாதிபதியாயிருந்த சோல்பரிப் பிரபுவின் மூத்த மைந்தரும் அவருக்கு அடியவராகி, சந்தசுவாமிகள் என்னும் பெயரோடு செங்கலடிச் சிவதொண்டன் நிலையத்திலே வாழ்ந்தார். தந்தைக்குப் பின் பிரபுப் பட்டம் அவருக்கே உரியதாயிற்று. நமது பெயர்களின் பின்னேயுள்ள இரண்டு மூன்று எழுத்துக்களை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று.

அளவெட்டியார்க்கு இதனினும் அணித்தான உவமையொன்று உண்டு. எமதூர் நாதசுரத்துக்கும் தவிலுக்கும் பெயர்பெற்றது. நாதசுர வித்துவான் பத்மநாதன் எமதூரவர். தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) எமதூரிலே வாழ்ந்தவர். எமது சிறுவயதிலே கோயில் வீதியில் மேளச்சமா நடைபெறும் இரவுகளில், சனங்களின் கண்கள் யாவும் தவிற்காரரின் கைகளிலேயே இருக்கும். அவர்களுக்குப் பின்னே ஒருவர் நிற்பார். அவர் கையில் இருப்பது ஒத்து. நாதசுரம் போன்ற தோற்றமுடையது. ஆனால் விரல்வைத்து வாசிக்கும் துளைகள் அதில் இல்லை. அதிலிருந்து பிறப்பது ஒரேயொரு சுரம். மூச்சு வாங்குவதும் புலப்படாவண்ணம், கன்னத்திலே காற்றைத் தேக்கி, இராகம் எங்கே சென்றாலும் அவர் அச்சுரத்தை விடாது பிடித்து நிற்பார். அவருக்கு எவரும் கைதட்டியதை யாம் கண்டதில்லை. ஆயினும் அது ஒருகணம் நின்றுவிட்டால், மேதைகளும் நிற்க இடமின்றித் திகைப்பர். இந்நாளிலே சுருதிப்பெட்டி வந்து ஒத்தைப் பெரும்பாலும் அகற்றிவிட்டது. தமிழ்வழக்கோ அதற்கு முன்னரே அதற்கு அநீதி இழைத்துவிட்டது. ஒத்தூதுதல் என்றால் முகத்துதி பேசுதல் என்று பொருளாக்கிவிட்டோம். தன்னை முன்னிறுத்தாது ஒன்றிலே உறைத்து நிற்றல் எத்துணைக் கடினம் என்பதை அறியாதவர் ஆக்கிய வழக்கு அது.

இனி, கட்டுரையை முடிக்குமுன் எம்மைப் பற்றிய செய்தியொன்று சொல்லுதல் கடன். எமது வளவுக்கும் அயல் வளவுக்கும் இடையிலே இரண்டு முழ அகலமான நிலம் பற்றிப் பிணக்கு இருந்தது. அயலவர் எமக்கு உறவினர். ஒரே பங்குக் கிணற்றிலே நீர் இறைத்தவர். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபொழுது, மழையிலே, நாவற்குழிப் பாலத்தை நோக்கிய அச்சனத்திரளிலே, அவர் எம் தாயாரின் கையைப் பிடித்து நடத்திச் சென்றார். எங்கள் இரு வீட்டு உறுதிகளும் அன்று ஒரே பைக்குள்ளே இருந்தன. நான், எனது என்ற இரண்டும் அவ்விரவோடு ஒழிந்தன என்றே யாம் எண்ணினோம். தென்மராட்சியிலே ஒரே அடுப்பிலே சமைத்து உண்டபொழுது அதனை வாய்விட்டுஞ் சொன்னோம். ஊர் திரும்பினோம். கூரையில்லாத வீட்டிலே முதற் செய்த காரியம், கதியால் எங்கே நிற்கின்றது என்று பார்த்ததே. களிம்பு எங்கும் போயிருக்கவில்லை. பின்னர் இருபது ஆண்டுக்கு மேலாக அவரும் யாமும் பேசவில்லை. சட்டத்தரணிக்குக் கொடுத்த காசு அந்நிலத்தின் விலையினும் அதிகம். அவர் காலமானபொழுது செத்தவீட்டுக்குச் சென்றோம். படலையருகே நின்று திரும்பினோம். அதனை நினைக்க இன்றும் நெஞ்சு சுடுகின்றது.

சென்ற ஆண்டு வேலியடைக்கும் காலத்திலே அவருடைய மகன் வந்து, பெரியப்பா, கதியாலை எந்த இடத்திலை நடுறது என்று கேட்டான். தம்பி, உங்கட அப்பா சொன்ன இடத்திலை நடு என்றோம். அவன் சிறிதுநேரம் எம்மையே பார்த்து நின்றுவிட்டு, அலவாங்கை எடுத்துக்கொண்டு போனான். அன்று மாலை கும்பழாவளைப் பிள்ளையார் கோயிலுக்குச் சென்றபொழுது நெஞ்சு இலேசாயிருந்தது. பல ஆண்டுகளாய்க் காதில் விழாதிருந்த மணியோசை தெளிவாக விழுந்தது. வீதி வலம் வருகையிலே, எமது பெருந்தன்மையை இவ்வூரில் எவர் எவர் அறிந்திருப்பர் என்று எண்ணத் தொடங்கிவிட்டோம். இதனை இம்மலரிலே அச்சிடக் கொடுப்பதும் அவ்வெண்ணத்தின் தொடர்ச்சியோ என்னும் ஐயம் இதுவரை தீர்ந்தபாடில்லை. கிளுவங் கதியால் புதிய இடத்திலே துளிர்த்துவிட்டது. பட்டங்களை அச்சிட வேண்டாமென்று மலராசிரியருக்குச் சொல்லியனுப்பியுள்ளோம்.