ஏட்டுப் பிரதியும் கணினிக் காவலும்

கணினிகளைத் தாக்கும் கேடுகளை எதிர்கொள்ளும் பொருட்டு உலக நாடுகள் பலவும் தனித்தனி அமைப்புக்களை நிறுவியுள்ளன. நம் நாட்டிலும் அத்தகையதோர் அமைப்பு உண்டு. அதன் தோற்றத்தையும் தொழிலையும், அதனால் இயலாத ஒன்றையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆந் திகதி, அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் றொபேட் மொறிஸ் என்பார் இணையத்தில் ஒரு நிரலை விடுத்தார். அது தன்னைத் தானே பிரதிசெய்து, கணினிக்குக் கணினி தாவி, சில மணி நேரத்துள் ஆயிரக்கணக்கானவற்றை முடக்கிற்று. அறிஞர் ஆங்காங்கே பரிகாரம் கண்டனராயினும், ஒருவர் கண்டதை ஏனையோர்க்கு அறிவிக்கப் பொது இடமொன்று இருக்கவில்லை. அக்குறையை நீக்கவே அதே ஆண்டில் கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தில் இத்தகைய முதலாவது குழு அமைந்தது.

இலங்கையில் இப்பணிக்கென 2006ஆம் ஆண்டில் நிறுவப்பட்டதே கணினி அவசரத் தயார்நிலைக் குழு. 'சேர்ட்' என்பது அதன் சுருக்கப் பெயர். முறைப்பாடுகளை ஏற்றல், தாக்குதலின் காரணத்தை ஆராய்தல், முன்னெச்சரிக்கை விடுத்தல், பிறநாட்டுக் குழுக்களோடு செய்தி பரிமாறல் என்பன அதன் கடமைகள். குற்றவாளியைத் தண்டித்தல் அதன் தொழிலன்று. அது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி பொலிசாருக்கும் நீதிமன்றுக்கும் உரியது.

எனினும், இழந்ததை மீட்டல் எப்போதும் அக்குழுவின் கையில் இல்லை. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கப்பம் கேட்கும் நிரலொன்று அரசாங்க மின்னஞ்சல் முறைமையைத் தாக்கிற்று. ஏறக்குறைய 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்டு 26 வரையுள்ள கடிதங்கள் அழிந்தன. அக்காலத்துக்கான பிரதி வேறாக வைக்கப்படாமையால் அவற்றை மீட்க இயலவில்லை. ஆராய்வதற்குக் குழு இருந்தது. மீட்பதற்குப் பிரதிதான் இல்லை.

பிரதியின் அருமை தமிழருக்குப் புதிதன்று. செல்லரிக்குமுன் ஏட்டைப் பெயர்த்தெழுதி வைத்த மரபு நம்முடையது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, பிறிதோரிடத்தில் பிரதியுள்ள அச்சு நூல்களைத் திரும்பப் பெற வழியிருந்தது; ஒற்றைப் பிரதியாயிருந்த சுவடிகளுக்கு அவ்வழியில்லை. 2009இல் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியேறியோர் பலர் காணி உறுதியையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் இழந்தே முகாம் சேர்ந்தனர். பதிவகத்திற் பிரதியிருந்தவை மீண்டும் எழுதிப் பெறத்தக்கவை. இறந்த பிள்ளையின் ஒரே படத்தை எந்தப் பதிவகத்திற் சென்று கேட்பது?

ஆகவே, பாடசாலை அலுவலகத்தாரும், சங்கப் பதிவேடு வைத்திருப்போரும், மாணவரும் ஒரு விதியைக் கைக்கொள்ளல் நன்று. மூலத்தோடு சேர்த்து மூன்று பிரதிகள் வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். ஒன்று வேற்றிடத்தில், இணையத்தொடர்பின்றி இருத்தல் வேண்டும். அதனைத் திறந்து வாசிக்க முடிகின்றதா என இடையிடையே சோதித்தலும் வேண்டும். நாட்டின் காவற்குழு நம்மை எச்சரிக்கலாம். நம் பிரதியை எடுத்துவைக்க வேண்டியவர் நாமே.