வீட்டு வசதித் திட்டமும் நம் பற்று நோட்டும்

திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளர் பலரும் வாடகைக் குடித்தனமே. வேலை மாறினால் வீடும் மாறும். நம் பாக்கி வசூலாவது சிரமம். சொந்த வீடு அமைந்தவர் நிலையான வாடிக்கையாளர். ஆகவே அரசின் வீட்டுத் திட்டங்களை நாமும் அறிந்திருக்க வேண்டும்.

1970ல் குடிசை மாற்று வாரியம் ஏற்பட்டது. 2021ல் அது தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறியது. 2015ல் மத்திய அரசு தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தில், ஆண்டு வருமானம் ரூ.3 லட்சத்துக்குள் இருப்போர் சொந்த மனையில் வீடு கட்ட மத்திய அரசின் பங்கு ரூ.1.5 லட்சம். மாநில அரசின் பங்கு தனி. இதன் இரண்டாம் கட்டம் 2024ல் தொடங்கியது. மனையில்லாத வெளியூர்த் தொழிலாளருக்கென 2020ல் வாடகைக் குடியிருப்புத் திட்டம் வந்தது.

நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. மானியம் மொத்தமாகக் கைக்கு வராது. கட்டட வேலை முன்னேற முன்னேறத் தவணையாகவே வரும். இடையில் குடும்பம் கைக்காசைப் போட்டுக் கட்டும். அப்போது மளிகைப் பாக்கி ஏறும்.

ஆகவே வீடு கட்டத் தொடங்கியவரிடம் முன்கூட்டியே பேசி, பற்றுக்கு ஓர் அளவு வைப்போம். மானியத் தவணையைப் பாக்கிக்குக் கேட்க வேண்டாம். கேட்டால் வீடு பாதியில் நிற்கும். சனிக்கிழமைச் சம்பளத்தில் சிறுகச் சிறுக வாங்கிக்கொள்வோம். வீடு முடிந்தால் வாடிக்கையும் நிலைக்கும்.