படைக்கத் தெரிந்த பிரம்மாவுக்குப் பொருள் தெரியவில்லை



போன வாரம் கல்லூரியில் படிக்கிற ஒரு தம்பி என்கிட்ட கேட்டார்: "அண்ணா, கோயிலுக்குப் போறேன், கும்பிடறேன், அது வேற. ஆனா தத்துவம், சித்தாந்தம் எல்லாம் இந்தக் காலத்துல படிக்கணுமா? எல்லாத்துக்கும் சயின்ஸ் பதில் சொல்லிடுதே?"

நியாயமான கேள்விதான். ஸ்டீபன் ஹாக்கிங்கும் லியனார்ட் மிளாடினோவும் 2010-ல் எழுதிய 'தி கிராண்ட் டிசைன்' புத்தகத்தின் தொடக்கத்திலேயே, தத்துவம் செத்துவிட்டது என்கிறார்கள். இன்ஜினியரிங் படிக்கும்போது நானும் அப்படித்தான் நினைச்சேன். என் நினைப்பை மாத்தினது நானே எழுதின கோட்.

மூணு வருஷம் முன்னாடி, கடன் கேட்டு வர்றவங்களுக்கு மதிப்பெண் போடற ஒரு மாடல் செஞ்சுட்டு இருந்தோம். பழைய கடன்களோட டேட்டாவை வைத்து, புதுசா வர்றவர் திருப்பிக் கட்டுவாரா மாட்டாரான்னு அது கணிக்கும். ஒரு நாள் சும்மா சோதிச்சுப் பார்க்க எங்க அப்பாவோட விவரத்தைப் போட்டேன். ஆட்டோ ஓட்டறவர். மாதச் சம்பளம் கிடையாது. எங்க ஏரியா பின்கோடு. 'நிராகரி'ன்னு வந்தது.

என் காலேஜ் ஃபீஸுக்காக அம்மா நகையை அடகு வைத்து, ஒரு மாசம்கூட வட்டி தவறாமல் கட்டி மீட்டவர் அவர். மாடல்ல பக் இருக்கும்னு ரெண்டு நாள் தேடினேன். இல்லை. டேட்டா சரி, கணக்கும் சரி. ஆனா முடிவு நியாயமா? நியாயத்தை அளக்க ஏதாவது இருக்கான்னு தேடினா, ஒண்ணு இல்லை, பல அளவுகள் இருந்தன. எதை எடுக்கணும்னுதான் தெரியலை.

அப்போதான் அமெரிக்காவில் நடந்த ஒரு விவாதத்தைப் படிச்சேன். கைதானவர் மறுபடி குற்றம் செய்வாரான்னு கணிக்க அங்கே 'காம்பஸ்' என்ற மென்பொருளை நீதிமன்றங்கள் பயன்படுத்தின. 2016-ல் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம், ஃபுளோரிடாவில் ஒரு மாவட்டத்தில் கைதான 7,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரத்தை ஆராய்ந்தது. பிறகு குற்றமே செய்யாதவர்களில், தவறாக 'ஆபத்தானவர்' என்று குறிக்கப்பட்டவர்கள் கறுப்பினத்தவரில் சுமார் 45 சதவீதம், வெள்ளையரில் சுமார் 23 சதவீதம். இது அநியாயம் என்றார்கள். மென்பொருள் நிறுவனமோ, "ஒரே மதிப்பெண் வாங்கினவங்க எந்த இனமா இருந்தாலும் மறுபடி குற்றம் செய்யற விகிதம் ஏறக்குறைய ஒண்ணுதான், அதனால இது நியாயம்" என்றது.

யார் சொன்னது சரி? ரெண்டு பேர் கணக்கும் சரி! அதே 2016-ல் ஜான் கிளைன்பெர்க், செந்தில் முல்லைநாதன், மனீஷ் ராகவன் மூவரும் இதைக் கணிதமாகவே நிரூபிச்சாங்க. ரெண்டு பிரிவுகளின் அடிப்படை விகிதம் வேறாக இருந்து, கணிப்பும் நூறு சதவீதம் சரியாக இல்லாவிட்டால், இந்த ரெண்டு விதமான நியாயமும் ஒரே நேரத்தில் கிடைக்காது. ஒண்ணைத் தேர்ந்தெடுத்தே ஆகணும்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிங்க. தேர்ந்தெடுத்தே ஆகணும்னு கணிதம் காட்டிடுச்சு. எதைன்னு அது சொல்லாது. இன்னும் பத்து மடங்கு டேட்டா கொடுத்தாலும் சொல்லாது. 'நியாயம்னா என்ன? யாருக்கு நேர்ற தவறு பெரிய தவறு?' இது தத்துவக் கேள்வி. நாம கேட்காம விட்டா அந்தக் கேள்வி மறைஞ்சுடாது. யோசிக்காமலே யாரோ ஒரு இன்ஜினியர் கோட்ல ஒரு பதிலை எழுதிடுவார். அன்னிக்கு அந்த ஆள் நான்தான்.

நம்ம மரபில் இதுக்குப் பயிற்சி இருக்கு. 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் எழுதிய சிவஞான சித்தியாரின் சுபக்கம், அளவையில்தான் தொடங்குது. அதாவது, ஒண்ணை எப்படி அறிகிறோம் என்ற கேள்வி முதல்ல. காண்டல், கருதல், உரை என மூன்று வழிகள். பரபக்கத்தில் மாற்றுக் கொள்கைகளை எடுத்து வைத்துப் பதில் சொல்கிறார். அதில் முதல் ஆள் உலகாயதன். கண்ணால் கண்டதே போதும் என்பவன். தம்பி சொன்ன 'சயின்ஸ் போதும்' என்பதையும் இப்படி எடுத்து வைத்துப் பாருங்க. அந்த வாக்கியத்தை எந்த லேபில் சோதிக்க முடியும்? அதுவே ஒரு தத்துவ நிலைப்பாடுதானே!

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். 'எல்லா சயின்ஸும் நம்ம நூல்ல முன்னாடியே இருக்கு'ன்னு வர்ற ஃபார்வர்டுகளை நான் சொல்லலை. அது சயின்ஸும் இல்லை, சித்தாந்தமும் இல்லை. காய்ச்சலுக்கு டாக்டர்கிட்டதான் போகணும்.

சுவாமிமலைக் கதை நமக்குத் தெரியும். உலகத்தையே படைக்கிற பிரம்மாகிட்ட முருகன் கேட்டது, 'பிரணவத்துக்குப் பொருள் என்ன?' படைக்கும் தொழில் தெரிந்தவருக்குப் பொருள் சொல்லத் தெரியலை. தலையில் குட்டு, அப்புறம் சிறை. கோட் எழுதத் தெரிந்து, அது யாருக்கு என்ன செய்யுதுன்னு யோசிக்காம இருந்த எனக்கு அந்தக் குட்டு நல்லாவே வலிக்குது.

மேனேஜர்கிட்ட போய்ப் பேசினேன். பின்கோடை எடுத்துட்டோம். மாடலோட துல்லியம் கொஞ்சம் குறைஞ்சது. ஏன் குறைய விடணும்னு கேட்டாங்க. கணக்கு காட்டிப் பதில் சொல்ல முடியலை, காரணம் சொல்லித்தான் வாதாட வேண்டியிருந்தது. எல்லையில் நிக்கிற விண்ணப்பங்களை ஒரு மனுஷர் பார்க்கணும்னும் முடிவாச்சு. அதுவும் முழு நியாயமான்னு இன்னும் யோசிச்சுட்டுதான் இருக்கேன்.

இந்த வாரப் பயிற்சி: உங்க படிப்பிலோ வேலையிலோ ஒரு முடிவை எடுத்துக்கோங்க. மூணு கேள்வி கேளுங்க. இது எனக்கு எப்படித் தெரியும்? எதை நல்லதுன்னு வைச்சு இதை அளந்தேன்? இது தப்பானா யார் சுமப்பாங்க? பதிலை ஒரு தாளில் எழுதிட்டு, கந்தனைக் கும்பிட்டுட்டு மறுபடி படிங்க.

வேலும் மயிலும் துணை.