குழந்தையும் இரகசியமும்



புது நன்மைக்கு ஆயத்தம் செய்யும் பிள்ளைகள் ஞானோபதேச வகுப்பில் ஆண்டுதோறும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சாமி, பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை எங்கள் அம்மாவிடம் சொல்லிவிடுவீர்களா?" உயிர் போனாலும் சொல்லக்கூடாது என்பது திருச்சபையின் சட்டம் என்கிறேன். உடனே முகம் தெளிகிறது. ஆகவே ஏழு வயதுப் பிள்ளைக்கு இரகசியம் தெரியாது என்று எண்ணிவிடாதீர்கள்.

ஆனால் அதற்குத் தெரிந்த இரகசியம் ஆட்களிடமிருந்து மறைப்பதுதான். அம்மா பார்க்கக்கூடாது, அண்ணன் பார்க்கக்கூடாது, அவ்வளவே. கைபேசி விளையாட்டு ஒன்று பெயரையும் பிறந்த நாளையும் கேட்டால், எதிரில் ஆள் இல்லையே என்று தயங்காமல் கொடுத்துவிடுகிறது. நாங்குநேரிக் கடைத்தெருவில் முன்பின் அறியாதவன் அதையே கேட்டால் ஆச்சியின் சேலைக்குப் பின்னே ஒளிந்துகொள்ளும் பிள்ளைதான் அது! "அனுப்பிய படம் எங்கே போகிறது?" என்று வகுப்பில் கேட்டேன். "அழித்துவிட்டால் போய்விடும் சாமி" என்றான் ஒருவன். கரும்பலகையில் வீடுகளை வரைந்து, ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குக் கோடு இழுத்துக் காட்டிய பின்னரே அவனுக்கு விளங்கிற்று.

18 வயது நிறையாதவர்களின் விவரங்களைப் பெறுவதற்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நல்லதுதான். ஆனால் சம்மதம் கொடுக்க வேண்டிய நாமே பிள்ளையின் படத்தைப் பள்ளிச் சீருடையோடும் பெயரோடும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறோமே? "வேண்டாம் அம்மா" என்று அது சொன்னால் வெட்கம் என்று சிரித்துத் தள்ளுகிறோம். தன் 'வேண்டாம்' செல்லாது என்பதை அது கற்றுக்கொள்வது அப்போதுதான். நாளை ஓர் அந்நியன் படம் கேட்கும்போது அந்த வார்த்தை அதன் வாயில் எப்படி வரும்?

ஒருவர் தம் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் உரிமைக்கு எவரும் ஊறு செய்யலாகாது என்பது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 220-ஆம் விதி. அதில் வயது வரம்பு ஒன்றும் கூறப்படவில்லை. இதைப் படித்திருந்தும், சென்ற ஆண்டு புது நன்மைப் படத்தைப் பெயர்களோடு பங்குக் குழுவில் போட்டவன் நானே. ஒரு சிறுமி அதற்காக அழுதாள் என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

இவ்வாண்டு பிள்ளையையும் பெற்றோரையும் கேட்ட பின்னரே படம் குழுவில் போடப்படும். வேண்டாமென்ற பிள்ளையின் படத்தை அச்சிட்டு வீட்டாரிடம் கொடுத்துவிடுவோம். பூசைக்கு முன்தினம் மாலை வகுப்பில் ஒவ்வொருவரையும் நானே கேட்பேன். அதற்கு முன் வீட்டில் நீங்கள் ஒருமுறை கேட்டு வையுங்கள்.