குழந்தை ஆடை: கைத்தையலும் குரோஷாப் பின்னலும்
வணிகர் அறிந்துகொள்ள வேண்டியவை

வாங்குகிறவர் ஒருவர், அணிகிறவர் மற்றொருவர் என்று அமைந்த சரக்குகள் சில உண்டு. அவற்றுள் முதன்மையானது கைக்குழந்தையின் ஆடை. பெரியவருக்கு விற்ற சட்டை அக்குளில் இறுக்கினால் மறுநாளே அவர் கடைப்படி ஏறி வந்து கேட்பார். குழந்தைக்கோ அழுவதன்றி வேறு வழி தெரியாது. அது பசியால் அழுகிறதென்று தாய் பாலூட்டுவாள். வயிற்று வலியென்று பாட்டி ஓமநீர் தேடுவாள். குற்றமோ கையுறைக்குள் கிடக்கும் ஓர் இழை நூலில் இருக்கலாம். ஆகவே இந்தச் சரக்கைப் பொறுத்தவரை, அணிகிறவருக்காகப் பேச வேண்டிய கடமை செய்கிறவருக்கும் விற்கிறவருக்கும் உரியதாகிறது.

சிங்கப்பூர் அராப் ஸ்ட்ரீட்டிலும், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையிலும், பினாங்கிலும் துணி, நூல், நாடா, பட்டன் ஆகியவற்றை விற்பது நம்மவர்க்குப் பழகிய தொழில். வீட்டிலிருந்தபடியே பெண்கள் தைத்தும் பின்னியும் தரும் குழந்தை ஆடைகளுக்கு இன்று நல்ல கிராக்கி இருக்கிறது. எனினும் சரக்கின் நிறத்தையும் விலையையும் பார்க்கும் நாம், அதன் உட்புறத்தைத் திருப்பிப் பார்க்கிறோமா? அப்படித் திருப்பிப் பார்க்கும் முறையைக் கற்பதே இப்பாடத்தின் நோக்கம்.

1. துணியும் நூலும்

நமது வட்டாரம் வெப்பமும் ஈரமும் நிறைந்தது. பிறந்த குழந்தைக்கு உடல் வெப்பத்தைச் சமன் செய்துகொள்ளும் ஆற்றல் முழுமையாக வளர்ந்திருப்பதில்லை. எனவே இங்கு முதலிடம் பருத்திக்கே. தைப்பதற்கு மல், வாயில், காம்பிரிக் போன்ற மெல்லிய துணிகள் ஏற்றவை. பின்னுவதற்கும் பருத்தி நூலே நல்லது. ‘கம்பளி’ என்று பலரும் வாங்கிப் போகும் நூலுருண்டைகளில் பெரும்பாலானவை உண்மையில் அக்ரிலிக். அது ஆட்டு ரோமமன்று, செயற்கை இழை. விலை மலிவு, நிறம் பளிச்சென்றிருக்கும், சலவைக்கும் தாங்கும். ஆனால் வியர்வையை உறிஞ்சாது. குளிர்நாட்டுக்குப் பயணம் போகிற குழந்தைக்கு அது உதவலாம். ஈப்போவிலும் ஜொகூரிலும் நாள் முழுதும் போட்டு வைக்க உதவாது. வாங்குகிறவரிடம் இதைச் சொல்லி விற்பதே முறை.

பளபளக்கும் பருத்தி நூலைக் கண்டு செயற்கையென்று ஐயுற வேண்டியதில்லை. ஜான் மெர்சர் என்னும் ஆங்கிலேயர் 1844-இல் கண்டறிந்து, 1850-இல் உரிமம் பெற்ற காரச் சோடாப் பக்குவத்தின் பயனே அது. அவர் பெயரால் ‘மெர்சரைஸ்’ செய்த நூல் என்கிறோம். அந்நூலுக்கு வலிமை கூடும். சாயமும் நன்கு பிடிக்கும்.

புதுத்துணி சுருக்கமின்றி மொடமொடப்பாக இருக்க ஆலைகளில் சில மருந்துகள் ஏற்றப்படுவதுண்டு. அவற்றுள் ஃபார்மல்டிஹைடு மென்மையான தோலைத் தாக்கக்கூடியது. ஜப்பான் 1973-இலேயே சட்டம் இயற்றி, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் ஆடையில் அதற்கு மிகக் கடுமையான வரம்பு விதித்தது. நாம் செய்யக்கூடியது எளிது: வெட்டுவதற்கு முன் துணியை ஒரு முறை நன்றாக அலசிக் காய வைக்கச் சொல்ல வேண்டும். மருந்தும் குறையும், துணியும் தைப்பதற்கு முன்பே சுருங்கிவிடும். நூற்றுக்கு ஐந்து பங்கு சுருங்கும் துணியில் தைத்த 50 சென்டிமீட்டர் மார்பளவு, முதல் சலவையிலேயே இரண்டரை சென்டிமீட்டர் குறைந்துபோகும். பிறந்த குழந்தைக்குப் பழைய வேட்டித் துணியைச் சுற்றிய நம் மூதாட்டிமாரின் வழக்கத்தில் இந்த நியாயம் அடங்கியிருந்தது. பலமுறை வெளுத்த துணியில் கஞ்சியும் இல்லை. இனிச் சுருக்கமும் இல்லை.

2. அளவு

குழந்தையின் உடலமைப்பு பெரியவரின் சிறு வடிவமன்று. பிறந்த குழந்தையின் நீளம் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். அதில் தலையே கால் பங்கு. ஆதலால் உடம்புக்குச் சரியான சட்டையும் கழுத்து வழியாகத் தலையில் இறங்காமல் நிற்கும். முன்புறம் முழுதும் திறந்து, ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு செய்த ஜப்லாவோ, தோளில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து விரியும் கழுத்தோ இதற்கு ஏற்றது.

தலைச்சுற்றளவு பிறக்கும்போது சுமார் 34 அல்லது 35 சென்டிமீட்டர். மூன்று மாதத்தில் 40. ஆறு மாதத்தில் 43. ஓர் ஆண்டில் 46. பெண் குழந்தைக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். பிறப்பு எடை ஓர் ஆண்டில் ஏறத்தாழ மும்மடங்காகிறது. எனவே பிறந்த குழந்தைக்கான அளவில் நிறையக் கொள்முதல் செய்து அடுக்குவது வணிகருக்கும் நட்டம், வாங்குபவருக்கும் வீண். மூன்று முதல் ஆறு மாத அளவு கையிருப்பில் அதிகம் இருப்பது நல்லது.

3. குரோஷாவின் கணக்கு

குரோஷா என்பது ஒரே கொக்கி ஊசியால் நூலை வளையம் வளையமாக இழுத்துப் பின்னும் கலை. ஒருவர் கை இறுக்கம். மற்றொருவர் கை தளர்ச்சி. ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே எண்ணிக்கையானாலும் இருவர் பின்னிய தொப்பி ஒன்றாக இராது.

எடுத்துக்காட்டாக, மூன்று மாதக் குழந்தைக்கு 38 சென்டிமீட்டர் தொப்பி வேண்டும் என்போம். பின்னல் சற்று இழுபடுமாதலால் தலையளவினும் இரண்டு சென்டிமீட்டர் குறைத்திருக்கிறோம். பத்து சென்டிமீட்டருக்கு 20 கண்ணிகள் விழுமானால் சுற்றுக்கு 76 கண்ணிகள் போதும். பின்னுகிறவர் கை இறுகி, பத்து சென்டிமீட்டருக்கு 22 கண்ணிகள் விழுந்தால், அதே 76 கண்ணி சுமார் முப்பத்துநாலரை சென்டிமீட்டரே வரும். மூன்று மாதக் குழந்தைக்கென்று வாங்கிய தொப்பி பிறந்த குழந்தைக்குத்தான் சேரும். இதனால்தான் தேர்ந்தவர்கள் முதலில் ஒரு சிறு சதுரம் பின்னி, அளந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குகிறார்கள். நாம் மொத்தமாகப் பின்னத் தரும்போது அந்தச் சதுரத்தை முதலில் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டால், பின்னால் ஐம்பது தொப்பிகளைத் தள்ளி வைக்கும் நிலை நேராது.

இன்னொரு குழப்பமும் உண்டு. பிரிட்டிஷ் நூல்களில் ‘டபிள் குரோஷே’ என்று சொல்லும் பின்னலை அமெரிக்கர் ‘சிங்கிள் குரோஷே’ என்பர். பிரிட்டிஷாரின் ‘டிரெபிள்’ அமெரிக்கருக்கு ‘டபிள்’. நம் வட்டாரத்தில் இரு வகைப் புத்தகங்களும் புழங்குகின்றன. ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் கண்ணியின் உயரமே மாறி, ஆடை நீண்டு தொங்கும். எம்முறைப் புத்தகம் என்று கேட்டறிந்து வேலை கொடுப்பது நலம்.

4. உட்புறத்தைத் திருப்புங்கள்

இனி நாம் சொல்லப்போவதே இப்பாடத்தின் உயிர்நிலை.

தைத்த ஆடையில், வெட்டு விளிம்பு தோலில் உரசக் கூடாது. விளிம்பை உள்ளே மறைத்து இரு முறை தைக்கும் பிரெஞ்சுத் தையலோ, மடித்து அமுக்கிய தட்டைத் தையலோ வேண்டும். தையல் நூல் பருத்தியாகவோ, பஞ்சுபோல் நூற்ற பாலியஸ்டராகவோ இருக்கலாம். மீன்பிடி நரம்பைப் போன்ற ஒற்றை நைலான் இழை கூடவே கூடாது.

கையுறையையும் காலுறையையும் கட்டாயம் உட்புறம் திருப்பிப் பார்க்க வேண்டும். அறுந்து தொங்கும் ஓர் இழை, குழந்தையின் விரலைச் சுற்றிக்கொண்டால், அசைய அசைய இறுகி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். உரிய நேரத்தில் காணாவிட்டால் விரலையே இழக்க நேரிடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். ஓட்டை ஓட்டையாகப் பின்னிய அழகுப் பின்னலும் விரல் நுழைந்து சிக்க இடம் தரும். கைக்கும் காலுக்கும் நெருக்கப் பின்னலே தக்கது.

குரோஷாவில் பின்னல் முடிந்த நுனியைச் சரியாகப் பூட்டாவிட்டால், அங்கிருந்து இழுக்க இழுக்க முழுதும் அவிழ்ந்துவிடும். நுனியை ஒரு பக்கம் கோத்து, திரும்ப எதிர்ப்பக்கம் கோத்து, மூன்றாம் முறையும் கோத்துவிட வேண்டும். தொப்பியின் உச்சி வளையத்தை இரு கட்டை விரல்களால் விரித்துப் பாருங்கள். துளை பெரிதானால் அந்தத் தொப்பி விற்பனைக்கு ஆகாது.

கழுத்திலும் தலைமூடியிலும் நாடா, கயிறு, குஞ்சம் ஆகியன வேண்டாம். அமெரிக்க அதிகாரிகள் 1996-இலேயே பிள்ளைகளின் மேலாடைக் கயிறுகளைப் பற்றி நெறிமுறை வெளியிட்டனர். ஐரோப்பியத் தரவிதி சிறு பிள்ளைகளின் ஆடையில் தலை, கழுத்துப் பகுதியில் கயிறே கூடாது என்கிறது. ரப்பர் சூப்பானை ஆடையோடு இணைக்கும் பட்டை 22 சென்டிமீட்டருக்கு மேற்படக் கூடாதென்பதும் அவர்கள் விதி. பல் முளைக்கும் குழந்தைக்கு மணிமாலை அணிவிக்க வேண்டாமென்று அமெரிக்க உணவு மருந்து ஆணையம் 2018-இல் எச்சரித்தது. அத்தகைய மாலை கழுத்தை இறுக்கி ஒரு குழந்தை உறக்கத்திலேயே இறந்ததும் அதற்கு ஒரு காரணம்.

பட்டனும் மணியும் பிடுங்கி விழுங்கத் தக்கவை. பொம்மைகளுக்கான ஐரோப்பியச் சோதனையில் 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட உறுப்பை 90 நியூட்டன் விசையால், அதாவது ஏறக்குறைய ஒன்பது கிலோ எடை தொங்குமளவுக்கு, இழுத்துப் பார்க்கிறார்கள். பின்னல் பொம்மைக்குக் கண் வேண்டுமானால் பட்டன் வைக்காமல் நூலாலேயே தைத்துவிடலாம். சட்டம் இதில் கண் மூடியிருக்கவில்லை. மலேசியாவில் பொம்மைப் பாதுகாப்பு விதிகள் 2009-இலும், சிங்கப்பூரில் நுகர்பொருள் பாதுகாப்பு விதிகள் 2011-இலும் இயற்றப்பட்டன. கையால் செய்தது என்பதால் விலக்கு உண்டென்று நாமாக எண்ணிக்கொள்ளலாகாது.

தொப்பியும் பின்னல் போர்வையும் குழந்தை விழித்திருக்கும்போதும் மடியில் இருக்கும்போதும் ஆகும். உறங்கும் தொட்டிலில் தளர்ந்த போர்வை முகத்தை மூடலாம். வீட்டினுள் தொப்பி வெப்பத்தை மிகுவிக்கலாம். இவ்விரண்டையும் தவிர்க்குமாறு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் தன் 2022-ஆம் ஆண்டு அறிவுரையில் கூறியிருக்கிறது. இதைச் சீட்டில் அச்சிட்டு ஆடையோடு வைப்பதால் விற்பனை குறைந்துவிடாது. கடையின் மீதுள்ள நம்பிக்கை வளரும்.

5. கூலி

உண்மையான குரோஷாப் பின்னலை இன்றளவும் இயந்திரம் செய்வதில்லை. அதைப்போல் தோன்றும் துணியைப் பொறிகள் நெய்யலாம். ஆனால் கொக்கி ஊசிப் பின்னலாக வந்த ஒவ்வொரு தொப்பியும் யாரோ ஒருவர் கையில் மணிக்கணக்காக இருந்தது. ஆகவே அது மிக மலிவாகக் கிடைத்தால், அந்த மலிவை யார் தாங்கினார் என்று கேட்பது தகும்.

ஆந்திரத்தின் நரசாப்பூர் வட்டாரம் குரோஷா லேஸுக்குப் பேர்போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரி மாதர் அக்கலையை அங்கே பரப்பினர். ஏற்றுமதியும் பெருகியது. ஆனால் 1982-இல் மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் தம் ஆய்வு நூலில், அப்பெண்கள் தொழிலாளிகள் என்றே கருதப்படாமல், ஓய்வு நேரத்தில் கைவேலை செய்யும் இல்லத்தரசிகள் என்று கருதப்பட்டதையும், அதனால் கூலி மிகத் தாழ்ந்ததையும், ஆதாயம் வணிகர்க்கே சேர்ந்ததையும் எடுத்துக்காட்டினார்.

நம் கடைக்குப் பின்னித் தருவோர் கணக்கையும் பார்ப்போம். ஒரு தொப்பிக்கும் ஒரு ஜோடிக் காலுறைக்கும் ஐந்து மணி நேரம் ஆகிறதென்று வைத்துக்கொள்வோம். நாம் பத்து வெள்ளி கொடுத்தால் மணிக்கு இரண்டு வெள்ளி. நம் கடையில் மேசை துடைக்க அக்கூலிக்கு ஓர் ஆளை வைக்க முடியுமா?

இதில் அறம் மட்டுமின்றிப் பாதுகாப்பும் இருக்கிறது. நுனியைப் பூட்டுவதும், இழையை வெட்டுவதும், உட்புறம் திருப்பிச் சோதிப்பதும் வேலையின் கடைசிக் கால்மணி நேரத்துக்கு உரியவை. உருப்படிக்கு இவ்வளவென்று குறைந்த கூலி பேசினால், கை அவசரப்படுவது அந்தக் கால்மணியில்தான். முன்னே சொன்ன விரலைச் சுற்றும் இழை அங்குதான் தங்கிவிடுகிறது. எனவே கூலி பேசும்போது, பின்னுவதற்கு இவ்வளவு, முடித்துச் சோதிப்பதற்கு இவ்வளவு என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவோமாக. நூலும் துணியும் நாமே தரமாக வாங்கிக் கொடுத்தால், பின்னுகிறவர் தலையில் அந்தச் சுமையும் ஏறாது.

முடிவாக, கொள்முதல் செய்யும்போது கைக்கொள்ள வேண்டிய ஐந்து செயல்கள்: உட்புறம் திருப்புக, நுனியை இழுத்துப் பார்க்க, பட்டனைப் பிடுங்கிப் பார்க்க, கழுத்தில் கயிறு உண்டா என்று நோக்குக, நாடாவால் அளந்து, மாத அளவோடு ஒப்பிடுக. ஓர் உருப்படிக்கு இரண்டு நிமிடம் போதும். அளவு தவறியதைச் செய்தவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லித் திருத்தி வாங்குவோம். இழை தொங்குவதை மட்டும், எவ்வளவு அழகாயிருப்பினும், விலை குறைத்தேனும் விற்கலாமே என்று எண்ணாமல் கல்லாவுக்கு இப்பால் நிறுத்திவிடுவோம்.